வக்கீலின் வால்முடி

வக்கீல் ஊக்கமருந்து போட்டுக்கொண்டு வாடிவாசலுக்குப் போயிருக்கிறான் என்ற செய்தி நாகஜோதியிடம் வந்து சேர்வதற்குள் தெருவில் நாலு வீட்டுக்குத் தெரிந்துவிட்டது. செய்தியை விட அந்த நாலு வீடுதான் அவளை முதலில் உலுக்கியது. சீலைக்காரியம்மன் காலனி மூன்றாம் தெருவில் யார் வீட்டுக் குக்கர் விசில் அடிக்கவில்லை, யார் மருமகள் அலைபேசியை எடுத்துக்கொண்டு மொட்டைமாடிக்குப் போனாள் என்பதெல்லாம் நாகஜோதி வாசலில் தலையைக் காட்டிவிட்டுத்தான் மற்ற வாசல்களுக்குப் போகும். அப்பேர்ப்பட்டவளுக்கு ஐந்தாவது இடம்.

"கேட்டதும் ஓடியாந்து சொல்ல வேணாமாடி? நான் என்ன செத்தா போயிட்டேன்" என்று எதிர்வீட்டு முத்துமாரியைக் கடிந்துகொண்ட பிறகுதான், அவள் சொன்னது என்ன என்பது மனதில் இறங்கியது. இறங்கியதும் வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

வக்கீல் என்பது காளை. உடம்பெல்லாம் கறுப்பு, கழுத்தில் மட்டும் வெள்ளைப் பட்டை. கன்றாக அம்மனுக்கு நேர்ந்துவிட்ட அன்றைக்கே, கோர்ட்டுக்குக் கிளம்பினவன் மாதிரி இருக்கிறான் என்று யாரோ சொல்ல, அதுவே பெயராகிவிட்டது. யாருக்கும் சொந்தமில்லாததால் தெரு முழுவதற்கும் சொந்தம். வீட்டுக்கு ஒரு நாள் முறை வைத்துப் பருத்திக்கொட்டையும் தவிடும் போகும். வேலைக்குக் கிளம்புகிறவர்கள், பரீட்சைக்குப் போகிறவர்கள், பெண் பார்க்கப் போகிறவர்கள் எல்லோரும் கோயில் கொட்டகையில் நுழைந்து அவன் வாலைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டுதான் தெருவைத் தாண்டுவார்கள். திரும்பி வரும்போதும் அப்படியே. மற்ற இடங்களில் கொம்பைத் தொடுவார்கள், திமிலைத் தொடுவார்கள். மூன்றாம் தெருவுக்கு வால். காரணம் யாருக்கும் தெரியாது. கொம்புப் பக்கம் போகத் தைரியமில்லை என்பது நாகஜோதியின் கருத்து.

ஜல்லிக்கட்டு ஆணையம் கேட்டதும் அந்த வாலைத்தான். காளைகளுக்கு ஊசி போட்டு வெறியேற்றுகிறார்கள் என்று ஊரெங்கும் புகார் கிளம்பி, போட்டிக்கு வரும் ஒவ்வொரு மாட்டின் வால்முடியிலும் ஒரு கொத்து எடுத்துச் சோதிப்பது என்று சட்டம் வந்து சில வருடங்கள் ஆகின்றன. வக்கீலின் முடியில் ஆண் ஹார்மோன் இருந்ததாம். காளையின் உடம்பில் ஊறியது அல்ல, மருந்துக்கடையில் விற்பது. கொடுத்தது யார், எதற்காக என்று வெள்ளிக்கிழமைக்குள் தெரு சொல்லவேண்டும். சொல்லாவிட்டால் ஆயுள் தடை. காதில் சிவப்புத் தோடு குத்தி அரசுக் காப்பகத்துக்கு ஓட்டிக்கொண்டு போவார்கள். காப்பகத்துக்குப் போன காளை எதுவும் திரும்பியதாக நாகஜோதி கேள்விப்பட்டதில்லை. அவளே கேள்விப்படவில்லை என்றால் திரும்பவில்லை என்றுதான் அர்த்தம்.

"வேல்ராசு வேலைதான்டி இது" என்றாள் முத்துமாரியிடம். வேல்ராஜ் தெருமுனையில் ஜிம் வைத்திருப்பவன். வக்கீலைக் கண்மாயில் நீச்சலுக்கு ஓட்டிப்போவதும் அவன்தான். "டப்பா டப்பாவா மாவு விக்கிறான். நெஞ்சு ரெண்டும் இட்லிச்சட்டியக் கவுத்த மாதிரி இருக்கு. அது சோறு தின்ன உடம்பா?"

மத்தியானத்துக்குள் அந்த வாக்கியம் தெருவைச் சுற்றிக் கைகால் முளைத்து, "வேல்ராஜ் ஊசியோட போனத பாத்தவுக இருக்காகளாம்" என்று அவளிடமே திரும்பி வந்தது. "அப்படியா" என்று அவளும் வாயில் கைவைத்துக் கேட்டுக்கொண்டாள்.

ஆனாலும் ஆதாரம் என்று ஒன்று வேண்டுமே. மாடி வீட்டில் ஆதாரமே குடியிருக்கும்போது கவலை என்ன? ஒரு சொம்பு பருத்திப்பாலோடு படியேறினாள்.

மாடியில் வாடகைக்கு இருக்கும் பெனிட்டா மாட்டு டாக்டர். ஆனால் அவள் ஒரு மாட்டுக்கு ஊசி போட்டு நாகஜோதி பார்த்ததில்லை. பந்தயக் குதிரைகளுக்கு மருந்து கொடுப்பவர்களைப் பிடித்தவள், கறவை மாட்டுக்கு ஊசி போட்டுப் பால் கறப்பவர்களைப் பிடித்தவள், பிடிப்பதே பிழைப்பாக இருப்பதால் இன்னும் கல்யாணம் ஆகவில்லை என்பது வரை நாகஜோதி விசாரித்து வைத்திருந்தாள். வால்முடியைப் படிக்கும் இயந்திரமே அவள் கண்டுபிடித்ததுதான்.

"என்ன டாக்டரம்மா, நம்ம புள்ளையவே புடிச்சுக் குடுத்துட்டீகளே."

"முடி நம்பரோடதான் வரும்க்கா, பேரு வராது. அது வக்கீலுன்னு எனக்கே இன்னைக்குத்தான் தெரியும்." பெனிட்டாவின் கண் சிவந்திருந்தது. அவளும் தினமும் வாலைத் தொட்டுவிட்டு வேலைக்குப் போகிறவள்தான்.

"ஊசி போட்டது யாருன்னு அந்த எந்திரம் சொல்லாதா?"

"ஊசின்னு யாரு சொன்னா? ஊசி போட்டா ஒரேயடியா ஏறி இறங்கியிருக்கும். இது கொஞ்சங் கொஞ்சமா, தினமும் போயிருக்கு. வாய் வழியா." சொம்பைக் கையில் வைத்துக்கொண்டு குடிக்காமலே பேசினாள். "முடிக்கு உள்ள இருக்கறது மாட்டோட கதை. வளரும்போது ரத்தத்துல என்ன ஓடுச்சோ அதை உள்ள வச்சு மூடிக்கிரும். முடிக்கு மேல ஒட்டியிருக்கறது வேற. அது தொடுறவங்க கை வேர்வை. மத்த எந்திரம் அதைக் கழுவி ஊத்திட்டுத்தான் பாக்கும். என்னோடது கழுவாது. சுவத்துல வருசா வருசம் சுண்ணாம்பு அடிச்சா அடுக்கடுக்கா நிக்கும்ல, அந்த மாதிரி வேர்வையும் அடுக்கா நிக்குது. ஒவ்வொரு அடுக்கா உரிச்சுப் படிக்கலாம்."

"யாரு கைன்னு தெரியுமா?"

"கை கையாப் பிரிச்சுக் காட்டும். ஒவ்வொரு உடம்புக்கும் ஒரு தனி வாடை. ஆனா பேரு தெரியாது."

"ஒவ்வொருத்தரு கையையும் பஞ்சால தொடைச்சு வாங்கிட்டு வந்தா?"

பெனிட்டா சொம்பைக் கீழே வைத்தாள். "தெரிஞ்சிரும்" என்றாள் பிறகு. "ஆனா வேணாம்க்கா. அதுல மருந்து மட்டும் தெரியாது. யாருக்குத் தூக்கமில்லை, யாரு முழுகாம இருக்கா, யாரு எதுக்கோ பயந்துக்கிட்டு இருக்கா, எல்லாம் தெரியும். நான் மாட்டுக்காகச் செஞ்சது. மனுசங்களுக்கு இல்லை."

நாகஜோதிக்குத் தலை சுற்றியது. குழாயடியிலும் ரேஷன் வரிசையிலும் காலமெல்லாம் கால் கடுக்க நின்று அவள் சேர்த்ததையெல்லாம் ஒரு வால், சும்மா தொங்கி ஈ ஓட்டிக்கொண்டே சேர்த்து வைத்திருக்கிறது. பொறாமையாக இருந்தது. அதைவிட ஆசையாக இருந்தது.

அன்று சாயங்காலமே தெருவைக் கூட்டிவிட்டாள். வியாழக்கிழமை விளக்கு வைக்கும் நேரத்தில் கோயில் முன்னால் எல்லோரும் பஞ்சு கொடுப்பது என்று முடிவானது. வேல்ராஜ் மட்டும் எழுந்து, "நான் அவனப் புள்ள மாதிரி வளக்குறேன். என் கைய நம்பலைன்னா நான் பஞ்சு குடுக்க மாட்டேன்" என்றான். போதாதா? மறுநாள் ஜிம்முக்கு ஒருத்தரும் போகவில்லை. ஷட்டரில் யாரோ சாணி அடித்திருந்தார்கள். அவன் மனைவி தலை குனிந்துகொண்டு கழுவியதை நாகஜோதி ஜன்னல் வழியாகப் பார்த்தாள். கொஞ்சம் பாவமாகத்தான் இருந்தது. ஆனாலும் ஜன்னலை மூடவில்லை.

வீட்டில்தான் எதிர்ப்பு. மகள் மதி, பூ ஏற்றுமதி செய்யும் குளிர்கிடங்கில் வேலை பார்ப்பவள், வேலை விட்டதும் நேரே கொட்டகைக்குப் போய் வக்கீலைக் கழுவி, வாலைச் சீவிவிட்டுத்தான் வீட்டுக்கு வருவாள். மாப்பிள்ளை வீட்டார் வந்தால் சாணி வாடை அடிக்கப்போகிறது என்பது நாகஜோதியின் நீண்டகாலக் கவலை.

"மாட்டக் காப்பாத்தணும்னா மாட்டப் பாருங்க. மனுசங்கள ஏம்மா நோண்டுறீங்க?" என்றாள் மதி. குரல் கரகரத்தது. சில மாதங்களாகவே அப்படித்தான். குளிர்கிடங்குச் சளி என்று நாகஜோதி சுக்கும் மிளகும் தட்டிப் போட்டுக் கொடுத்துவந்தாள்; தெருவுக்கும் அப்படியே சொல்லி வைத்திருந்தாள்.

"மடியில கனம் இருக்கறவன்தான்டி பயப்படணும். உனக்கென்ன?"

மதி தட்டில் கையைக் கழுவிவிட்டு எழுந்து போனாள். பாதிச் சோறு அப்படியே கிடந்தது. கணவர் கந்தவேல், மின்வாரியத்தில் ஓய்வு பெற்றவர், வருடத்துக்கு நாலு வார்த்தை பேசுகிறவர், அந்தத் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

வியாழக்கிழமை காலையில் பெனிட்டா மாடிக்கு வரச்சொல்லி ஆள் விட்டாள். நாகஜோதி வெறுங்கையோடு ஓடினாள்.

"இதை நீங்கதான் ஆரம்பிச்சீங்க. நீங்கதான் நிறுத்த முடியும். அதனால சொல்றேன்" என்றாள் பெனிட்டா. "அந்தக் கை கிடைச்சிருச்சு. யாரு கைன்னு எனக்குத் தெரியாது. தெரியவும் வேணாம். ஆனா அது மாட்டுக்கு மருந்து குடுக்கலை. அந்த ஆளு தனக்குப் பூசிக்கிற மருந்து. களிம்பு மாதிரி, தோள்ல பூசுறது. டாக்டர் எழுதிக் குடுத்து அளவாப் பூசுறது, அடுக்குல நல்லாத் தெரியுது. பூசின கையோட வந்து மாட்டக் கட்டிப்பிடிச்சிருக்காங்க. உப்புக்கு அவன் நக்கியிருக்கான். அவ்வளவுதான் நடந்தது."

"ஆம்பளைக்கு எதுக்கு ஆம்பளை மருந்து?"

"ஆம்பளைன்னு நான் சொல்லலையே." பெனிட்டா ஜன்னலைச் சாத்தினாள். "பொம்பளையாப் பொறந்த உடம்பு. உள்ள வேற மாதிரி. உடம்ப மனசுக்குப் பக்கத்துல கொண்டுவர்றதுக்கு எடுக்கிற மருந்து அது. சட்டப்படி எடுக்கிறது, ஒளிக்க வேண்டியதில்லை. ஆனா இந்தத் தெருவுல ஒளிச்சுத்தான் எடுக்குறாங்க."

நாகஜோதியின் வாய் திறந்தபடி நின்றது. மூன்றாம் தெருவில், தன் மூக்குக்குக் கீழே, இப்படி ஒன்று. அதிர்ச்சி அடங்குவதற்குள் பழக்கம் முந்திக்கொண்டது; வீடு வீடாக மனதுக்குள் கதவைத் தட்ட ஆரம்பித்தாள்.

"இன்னொண்ணும் இருக்கு. அதுக்காகத்தான் பஞ்சு வேணாங்கிறேன்" என்றாள் பெனிட்டா. "அந்தக் கை சாயங்காலந்தான் வருது. வரும்போது அதுல அப்படி ஒரு பயம். அடிபட வர்ற மாட்டுலதான் நான் அந்த அளவு பாத்திருக்கேன். மாட்டத் தொட்டு நிக்க நிக்கக் குறையுது. மறுநாள் மறுபடியும் அதே அளவு. ரெண்டு வருச முடி பாத்துட்டேன், ஒரு நாள் தப்பலை. ஆடியில கொஞ்ச நாள் மட்டும் பயமே இல்லை. சின்னப் புள்ளை கை மாதிரி இருக்கு. அப்புறம் திரும்பவும் வந்துருச்சு."

"இதுல என்ன டாக்டரம்மா இருக்கு" என்றாள் நாகஜோதி. துப்பு கிடைத்த மகிழ்ச்சியில் குரல் உயர்ந்தது. "வீட்டுல யாருக்கோ பயப்படுது. ஆடியில அந்த ஆளு ஊருல இல்ல. ஆடியில ஊருக்குப் போனது யாருன்னு பாத்தா முடிஞ்சது சோலி. முத்துமாரி மாமியா போனா, ஆனா அது ஆவணி. வேல்ராசு மச்சான் வீட்டுல போனாக, அது குடும்பத்தோட. ஆடியில தனியாப் போனது..."

நிறுத்திக்கொண்டாள்.

ஆடியில் திருப்பூரில் அவள் தங்கைக்கு மூட்டு ஆபரேஷன். துணைக்குப் போய் இருந்துவிட்டு வந்தவள் நாகஜோதி.

பெனிட்டா ஏதோ கேட்டாள். காதில் விழவில்லை. கரகரத்த குரல். வேலைக்குப் போகும்போது மட்டும் பூட்டியிருக்கும் அலமாரி. வெயில் காலத்திலும் தோளை மூடிய துண்டு. பெண் பார்க்க வருகிறார்கள் என்றால் அன்றைக்கு என்று வரும் காய்ச்சல். அடுத்த வீட்டுக் கொடியில் ஒரு ஜாக்கெட் குறைந்தால் கண்டுபிடிக்கிறவள், தன் வீட்டுக்குள் ஒரு ஆள் இவ்வளவு காலமாக மாறிக்கொண்டிருந்ததைப் பார்க்காமல் சுக்கு தட்டிக்கொண்டிருந்திருக்கிறாள்.

பயம் எதற்கு என்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. இரண்டாம் தெருவில் ஒரு பையன் சேலை கட்டிக்கொண்டு வீட்டை விட்டுப் போனபோது, அந்தக் கதையை நடந்து காட்டி, இடுப்பை வளைத்துக் காட்டி, மாதக்கணக்கில் சொன்னவள் அவள்தான். அந்தக் குடும்பம் வீட்டைக் காலி செய்துகொண்டு போகும்வரை சொன்னாள். திண்டுக்கல் பக்கம் போனார்கள் என்று அவளே செய்தி கொண்டுவந்தாள். அப்போதெல்லாம் பக்கத்தில் உட்கார்ந்து மதி பூண்டு உரித்துக்கொண்டிருந்தாள். உரித்துக்கொண்டே இருந்தாள்.

"அக்கா, தண்ணி குடிக்கிறீங்களா?"

"யாராச்சும் ஒருத்தரு, என் கையாலதான் ஒட்டுச்சுன்னு ஒத்துக்கிட்டா மாட்ட விட்டுருவாகளா?"

"தெரியாம நடந்ததுன்னு ஒருத்தர் முன்வந்து சொன்னா ஒரு வருசத் தடையோட போயிரும். அப்படி ஒரு விதி இருக்கு. பஞ்சு கூடத் தேவையில்லை."

நாகஜோதி தலையாட்டிவிட்டுப் படியிறங்கினாள்.

விளக்கு வைக்கும் நேரத்தில் கோயில் முன்னால் தெருவே கூடியிருந்தது. மேசையில் பஞ்சுப் பொட்டலம். ஆணையத்திலிருந்து ஒரு அதிகாரி. வேல்ராஜ் ஒரு ஓரமாக, அவனைச் சுற்றி நாலடிக்கு யாருமில்லாமல் நின்றான். மதி கொட்டகைத் தூணில் சாய்ந்திருந்தாள். முகத்தில் ரத்தமே இல்லை. வக்கீல் யாருக்கோ வந்த விருந்து மாதிரி அசைபோட்டுக்கொண்டிருந்தான்.

"பஞ்செல்லாம் வேணாம்" என்றாள் நாகஜோதி. "அது எம் மருந்து."

தலைகள் எல்லாம் அவள் பக்கம் திரும்பின.

"மாசம் நின்னு போனதுக்கப்புறம் டாக்டரு குடுத்தது. தோள்ல பூசச் சொன்னாரு. பூசுன கையோட மாட்டத் தொட்டுட்டேன். வேல்ராசு மேல ஒரு தப்பும் இல்ல."

"எதுக்குக்கா குடுத்தாரு?" முத்துமாரியின் குரல். அவளைக் குறை சொல்ல முடியாது. நாகஜோதியாக இருந்தாலும் அதைத்தான் கேட்டிருப்பாள்.

"எதுக்குக் குடுப்பாக? அதுக்குத்தான்."

முதலில் யாரோ ஒருத்தி மூக்கால் சிரித்தாள். அப்புறம் தெருவே சிரித்தது. இளவட்டங்கள் பின்னால் விசில் அடித்தார்கள். "கந்தவேல் அண்ணே, பாவம்ணே நீங்க" என்று ஒருவன் கத்தினான். இந்தக் கதை எத்தனை வருடம் ஓடும் என்று நாகஜோதிக்குத் துல்லியமாகத் தெரியும். தானாக இருந்தால் சாகும்வரை ஓட்டியிருப்பாள். காது மடல் எரிந்தது. அசையாமல் நின்றாள்.

அதிகாரி நம்பாத முகத்தோடு, "மருந்து வாங்கினதுக்கு யாராவது சாட்சி உண்டா?" என்றார்.

கூட்டத்தின் பின்வரிசையில் கந்தவேல் எழுந்தார்.

"வாங்கிட்டு வர்றது நான்தான். டவுன் ஆஸ்பத்திரி மருந்துக்கடையில. மாசாமாசம்." சட்டைப்பையைத் தொட்டுக்கொண்டார். "கேட்டா அவுக சொல்லுவாக."

நாகஜோதி திரும்பி அவரைப் பார்த்தாள். அவருக்குப் பொய் சொல்ல வராது. கல்யாணமான நாளிலிருந்து அவள் கேலி செய்துவந்த குறை அது. இப்போதும் அவர் பொய் சொல்லவில்லை என்று புரிந்தபோது, காலையில் மாடியில் வந்ததைவிடப் பெரிய அதிர்ச்சியாக இருந்தது. வருடத்துக்கு நாலு வார்த்தை பேசுகிறவர், பேசாத வார்த்தைகளுக்குள் ஒரு பிள்ளையை ஒளித்து வைத்திருந்திருக்கிறார். அவளிடமிருந்து.

அதிகாரி பெனிட்டாவிடம் திரும்பினார். "டாக்டர், சரிதானே?"

பிடிப்பதே பிழைப்பாக இருப்பவள் நாகஜோதியைப் பார்த்தாள். தூணில் சாய்ந்திருந்த உருவத்தின் பக்கம் பார்க்கவே இல்லை. "மாட்டுக்கு யாரும் வேணும்னு குடுக்கலை. மனுச மருந்து கைவழியா ஒட்டினது. அதுக்கு மேல கேக்க விதியில இடமில்லை" என்றாள். அதில் ஒரு வார்த்தை பொய்யில்லை.

கூட்டம் சிரித்துக்கொண்டே கலைந்தது. வேல்ராஜ் போகும்போது ஒரு நிமிடம் நின்றான். பிறகு வக்கீலின் வாலைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு போனான்.

கொட்டகையில் மதி வக்கீலின் கழுத்தைப் பிடித்துக்கொண்டு நின்றது. அவள் என்று நினைக்கவும் நாகஜோதிக்குத் தயக்கமாக இருந்தது, அவன் என்று நினைக்கவும் வரவில்லை. பிள்ளை என்று நினைத்துக்கொண்டாள். அது பழகின சொல்.

"ஏம்மா அப்படிச் சொன்ன?"

"மருந்து பூசினா முழுக்கைச் சட்டை போட்டுக்கிட்டு வா. அவன் நக்குறான்ல."

மதியின் கை வக்கீலின் கழுத்தில் நின்றுவிட்டது.

"உனக்கு யாரு சொன்னா?"

"ஒருத்தரும் சொல்லல. அதான் எனக்கு..." முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "எனக்கு ஒண்ணும் புரியல சாமி. அடிச்சுப் போட்ட மாதிரி இருக்கு. புரியிற வரைக்கும் வாயத் தொறக்க மாட்டேன். அது மட்டுந்தான் என்னால ஆகும்."

மதி சிரித்ததா அழுததா என்று தெரியாத ஒரு சத்தம் வந்தது. கரகரத்த குரலில்.

தடை முடியும் தறுவாயில் வழக்கப்படி மறுபடியும் வக்கீலின் வால்முடியை எடுத்தார்கள். சில நாள் கழித்து, துணி காயப்போடும் சாக்கில் பெனிட்டா கீழே வந்தாள்.

"வக்கீல் சுத்தம்க்கா. தை மாசம் போகலாம்." கொடியைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "அந்தக் கையும் இப்ப நல்லா இருக்கு. பயம் இறங்கிருச்சு. ஆடியில இருந்த மாதிரியே."

நாகஜோதி ஈரத்துணியை உதறிப் போட்டாள்.

"ஆனா இன்னொரு கை" என்றாள் பெனிட்டா. "முன்னாடி காலையில மட்டும் வந்து அவசரமாத் தொட்டுட்டுப் போற கை. பயம்னா என்னன்னே தெரியாத கை. இப்ப அது சாயங்காலமும் வருது. வேலை விடுற நேரத்துக்கு. பழைய கையில இருந்ததை விட இதுல பயம் அதிகமா இருக்கு. யாரு கைன்னு நான் பாக்கலை."

நாகஜோதி கையைத் துணிக்கு அடியில் மறைத்துக்கொண்டாள்.

தெருமுனையில் மதியின் வண்டி திரும்பியது. முழுக்கைச் சட்டை, ஒட்ட வெட்டிய முடி. குழாயடியில் முத்துமாரி, குடத்தை நிறையவிட்டு, பக்கத்தில் நின்றவளின் காதருகே குனிந்தாள். உள்ளங்கையை வாய்க்குக் குறுக்கே வைத்து, கண்ணை மட்டும் வண்டியின் பின்னால் அனுப்பினாள். அந்தக் குனிவும், அந்தக் கையும், அந்தக் கண்ணும் நாகஜோதி கற்றுக்கொடுத்தவை.